‘சரியா, தவறா’ வினாத்தாள் ஆக்குவது எப்படி: அறிவியல், கணிதக் கூற்றுகளைச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு கூற்றை எழுதி, அதன் எதிரே ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ குறிப்பது எளிய வேலையாகத் தோன்றும். பள்ளி அறிவியல் மன்றங்களுக்காகப் பல ஆண்டுகள் இத்தகைய தாள்களை ஆக்கியும், புதிதாக ஆக்க வந்தவர்களின் தாள்களைத் திருத்தியும் பார்த்ததில், பிழை பெரும்பாலும் பாட அறிவில் இருப்பதில்லை, வேலை செய்யும் வரிசையில்தான் இருக்கிறது என்று கண்டேன். கூற்றின் பொருள் இன்னதென்று முடிவாகும் முன்பே புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். புத்தகம் சற்றே வேறான ஒரு கூற்றுக்கு விடை சொல்கிறது. அந்த விடை இந்தக் கூற்றின் எதிரே ஏறிவிடுகிறது.

ஆகவே கீழுள்ள படிகளை எழுதியுள்ள வரிசையிலேயே செய்ய வேண்டும். புத்தகத்தைத் தேடுவது ஏழாவது படியில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு கூற்றுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் ஒரு நோட்டு வேண்டும். பக்கத்தின் தலைப்பில் கூற்று உங்களுக்கு எந்தச் சொற்களில் கிடைத்ததோ அதே சொற்களில் எழுதுங்கள். திருத்திய வடிவங்களை அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எழுதுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். எந்தத் திருத்தத்தால் விடை மாறியது என்பது பின்னர்த் தெரிய வேண்டும் என்பதே இதன் காரணம்.

பாடநூல்களைச் சேர்த்து வைக்கும்போது அவற்றின் பதிப்பாண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணக் கணிப்பான் போதும். இவற்றைவிட முக்கியமானது, விடைகளை அறியாத ஒருவர். கடைசிப் படியில் அவர் தேவைப்படுவார் என்பதால் வழியில் அவரிடம் எதையும் பேசிவிடாதீர்கள்.

2. ஒரு கூற்றில் ஒரு செய்தி மட்டும்

‘வௌவால் கண் தெரியாத பறவை’ என்ற வரியில் இரண்டு செய்திகள் உள்ளன, இரண்டும் தவறு. வௌவால் பாலூட்டி, அதற்குக் கண் தெரியும். மாணவர் ‘தவறு’ என்று குறித்தால் அவர் எதை மறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. வௌவால் பறவை அன்று என்று மட்டும் அறிந்து, அதற்குக் கண் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருப்பவரும் முழு மதிப்பெண் பெற்றுவிடுவார்.

‘ஆல்’ என்று காரணம் காட்டும் கூற்றுகளில் இந்தச் சிக்கல் மறைந்து நிற்கும். ‘கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வெயில் மிகுகிறது’ என்பதைப் பாருங்கள். கோடையில் வெயில் மிகுவது உண்மை. காட்டிய காரணம் பொய். பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், அதாவது நம் மார்கழிப் பனியின் நடுவில். மிகத் தொலைவில், ஏறத்தாழ 15.21 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. இத்தகைய கூற்றை இரண்டாகப் பிரித்து, காரணத்தைச் சொல்லும் பகுதியை மட்டும் வினாவாக வையுங்கள்.

3. ‘எல்லா’, ‘சில’, ‘மட்டும்’ ஆகிய சொற்களை நிலைநிறுத்துதல்

புதியவர்கள் மிகுதியாக இடறுவது இந்தப் படியில்தான். நானும் இடறியிருக்கிறேன். ஒருமுறை ‘எல்லாப் பாம்புகளும் நஞ்சுள்ளவை அல்ல’ என்று ஒரு தாளில் எழுதி, ‘சரி’ என்பதை விடையாக வைத்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ‘தவறு’ என்று குறித்தவர்களில் வகுப்பின் மிகக் கவனமான மாணவியும் இருந்தாள். நாகத்துக்கு நஞ்சு உண்டே, பிறகு எப்படி எல்லாமே நஞ்சில்லாதவை ஆகும் என்று அவள் கேட்டபோதுதான் வரியின் கோளாறு எனக்குப் புரிந்தது.

தமிழில் ‘எல்லா’ முன்னும் ‘அல்ல’ பின்னும் வந்தால் ஒரே வாக்கியம் இரண்டு பொருள் தரும். ‘நஞ்சில்லாத பாம்புகளும் உண்டு’ என்பது ஒன்று. ‘எந்தப் பாம்புக்கும் நஞ்சில்லை’ என்பது மற்றொன்று. முதலாவது உண்மை, சாரைப்பாம்பே சான்று. இரண்டாவது பொய், கட்டுவிரியனே சான்று. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் இதைத் தீர்த்துவிடும். அச்சில் குரல் இல்லை. எனவே ‘எல்லா… அல்ல’ என்ற அமைப்பை வினாத்தாளில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். ‘உண்டு’, ‘எந்த… உம் இல்லை’ என்ற இரண்டு அமைப்புகளால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியும்.

அளவுச்சொல்லே இல்லாத கூற்றுக்கு அதைச் சேர்த்தாக வேண்டும். ‘பகா எண்கள் ஒற்றை எண்கள்’ என்றால் எல்லாமா, பெரும்பாலானவையா? ‘எல்லாப் பகா எண்களும் ஒற்றை எண்களே’ என்று எழுதிய பிறகுதான் 2 என்ற ஒரே எண் அதைத் தவறாக்குகிறது என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

மறுதலையையும் இங்கேயே கவனியுங்கள். ‘4-ஆல் வகுபடும் எண்கள் எல்லாம் 2-ஆல் வகுபடும்’ என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டால் 6 அதை உடைத்துவிடும். கூற்றை அழகுபடுத்துவதாக எண்ணி முன்பின் மாற்றி எழுதுபவர்கள், தாங்கள் வேறொரு கூற்றை எழுதிவிட்டதை உணர்வதில்லை.

4. சொல்லின் வரையறையைக் குறித்தல்

சில கூற்றுகள் உலகத்தைப் பற்றியவையாகத் தோன்றினாலும், உண்மையில் ஒரு சொல்லைப் பற்றியவை. அவற்றுக்கு வரையறையை எழுதினாலே விடை வந்துவிடும். எழுதாவிட்டால் எவ்வளவு வாதிட்டாலும் வராது.

‘1 ஒரு பகா எண்’ என்பது அப்படிப்பட்டது. தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடுவது பகா எண் என்று மனப்பாடம் செய்தவர் ‘சரி’ என்பார். சரியாக இரண்டு வெவ்வேறு வகுஎண்களைக் கொண்ட இயல் எண்ணே பகா எண் என்று எழுதிப் பாருங்கள். 1-க்கு ஒரே வகுஎண்தான் இருப்பதால் அது விலகிவிடுகிறது. அதை விலக்கியதற்கும் காரணம் உண்டு. 12-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், வரிசையைப் பொருட்படுத்தாமல், 2, 2, 3 என்று ஒரே ஒரு வழிதான் கிடைக்கிறது. 1-ஐயும் பகா எண்ணாகச் சேர்த்தால் எத்தனை 1 வேண்டுமானாலும் பெருக்கிக்கொண்டே போகலாம், அந்த ஒரே வழி என்ற தன்மை போய்விடும். காரணத்தோடு சொன்ன வரையறையை மாணவர்கள் மறப்பதில்லை.

வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும் ஒன்றாக இருக்கும் இடங்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கடையில் ‘ஐந்து கிலோ எடை’ என்கிறோம். இயற்பியலில் கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகு நியூட்டன். ஆகவே ‘நிலவில் ஒருவரின் எடை குறையும்’ என்பது பாடச் சொல்லில் சரி; ‘நிறை குறையும்’ என்றால் தவறு. வெப்பமும் வெப்பநிலையும், வேகமும் திசைவேகமும் இப்படியே.

பெயர் நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. வேர்க்கடலை வேரில் காய்ப்பதன்று. பூ தரைக்கு மேலே பூத்துக் கருவுற்ற பிறகு, அதிலிருந்து வளரும் காம்பு மண்ணுக்குள் இறங்கி அங்கே காயாகிறது. வாழையை மரம் என்கிறோம். தாவரவியலில் அது மரத்தண்டு இல்லாத பெரிய செடி, தண்டு போலத் தெரிவது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றியமைந்த பொய்த்தண்டு. தொல்காப்பியத்தின் மரபியலோ வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும்கூட மரமல்ல. ‘தென்னை ஒரு மரம்’ என்று வெறுமனே வினா வைத்தால் ‘சரி’, ‘தவறு’ என்ற இரண்டு விடைகளும் நேர்மையாகவே வரும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ‘தாவரவியல் வகைப்பாட்டின்படி’ என்பது போன்ற ஒரு தொடரைச் சேர்த்தால் தகராறு தீர்ந்தது.

5. நிபந்தனைகளைக் கூற்றுக்குள்ளேயே எழுதுதல்

‘நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்’ என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் சரி. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது சுமார் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் மிகுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். ஊட்டி மாணவர் ஒருவர் வெப்பநிலைமானியை வைத்து அளந்துவிட்டு ‘தவறு’ என்று எழுதினால் அவருக்கு மதிப்பெண் மறுக்க எந்த நியாயமும் இல்லை.

பி.எச். மதிப்பும் அப்படியே. ‘தூய நீரின் பி.எச். 7’ என்பது 25 டிகிரியில் பொருந்தும். கொதிநிலையில் அது 6.1 அளவுக்கு இறங்கும். ஆனாலும் நீர் அமிலமாகிவிடுவதில்லை, நடுநிலையாகவே இருக்கிறது, ஏனெனில் நடுநிலைப் புள்ளியே கீழே இறங்கிவிடுகிறது.

‘அறை வெப்பநிலையில் பாதரசத்தைத் தவிர எல்லா உலோகங்களும் திண்மம்’ என்ற கூற்றை நான் இப்போது ஏற்பதில்லை. காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகுகிறது. குளிரூட்டி இல்லாத சென்னை அறை ஒன்றில் மே மாத நண்பகலில் அது திண்மமாக இருக்காது. ‘25 டிகிரி செல்சியஸில்’ என்று எண்ணால் எழுதினால் கூற்று சரியாகிவிடும்.

கணிதத்திலும் நிபந்தனை உண்டு. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 டிகிரி என்பது சமதளத்துக்கு உரியது. ஒரு பூகோள உருண்டையில் வட துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு தீர்க்கக் கோடுகளை இறக்கி, நிலநடுக்கோட்டால் இணைத்தால் மூன்று கோணங்களும் 90 டிகிரி, கூடுதல் 270.

6. கூற்றை உடைக்க முயலுதல்

இப்போது கூற்றின் பொருள் உறுதியாகிவிட்டது. அதை நம்பும் முன் உடைத்துப் பாருங்கள். ‘எல்லா’ என்று தொடங்கும் கூற்றை ஒரே ஓர் எதிர்ச்சான்று வீழ்த்திவிடும். ஆயிரம் சான்றுகள் சேர்ந்தாலும் அதை நிறுவ முடியாது. பலருக்கு இது மனத்தளவில் தெரிந்திருந்தும், நான்கு எடுத்துக்காட்டுகள் ஒத்துவந்தவுடன் கை தானாக ‘சரி’ என்று எழுதிவிடுகிறது.

அவர்களுக்கு நான் எப்போதும் தருவது இந்தக் கூற்று: ‘எந்த முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தையும் அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டினாலும் பகா எண் கிடைக்கும்.’ 0 எடுத்தால் 41, 1 எடுத்தால் 43, 2 எடுத்தால் 47, 3 எடுத்தால் 53. 39 வரை நாற்பது எண்களுக்கும் பகா எண்ணே வருகிறது. 40-ஐ எடுத்தால் 1681 வருகிறது. அது 41-இன் வர்க்கம். ஓர் ஆசிரியப் பயிற்சி மாணவர் பன்னிரண்டு வரை போட்டுப் பார்த்துவிட்டுக் கணிப்பானை மூடி வைத்ததைக் கண்டிருக்கிறேன்.

கணிதக் கூற்றுகளை உடைக்க ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: 0, 1, 2, ஒரு குறை எண், 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு பின்னம், பிறகு ஒரு பெரிய எண். ‘ஓர் எண்ணை வர்க்கப்படுத்தினால் அது பெரிதாகும்’ என்பது 0.5-இல் உடைகிறது, ஏனெனில் 0.25 அதைவிடச் சிறியது. ‘சுற்றளவு சமமானால் பரப்பளவும் சமம்’ என்பதற்கு நீட்டிய செவ்வகம் ஒன்றைப் போடுங்கள்: 9-க்கு 1 என்ற செவ்வகத்துக்கும் பக்கம் 5 உள்ள சதுரத்துக்கும் சுற்றளவு 20, பரப்பளவோ 9-உம் 25-உம்.

உடையவில்லை என்றால் நிறுவலைத் தேடுங்கள், அல்லது கணக்கிட்டுப் பாருங்கள். ‘ஓர் அறையில் 23 பேர் இருந்தால் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல்’ என்பதை உள்ளுணர்வு மறுக்கும். எல்லா நாள்களும் சம வாய்ப்புடையவை என்று கொண்டு ஒருவருக்கும் ஒத்துப்போகாத வாய்ப்பைப் பெருக்கிக் கழித்தால் 50.7 விழுக்காடு வருகிறது.

அறிவியல் கூற்றுகளுக்கும் இத்தகைய முரட்டுக் கணக்கு உதவும். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்ற கூற்றுக்குப் புத்தகமே வேண்டியதில்லை. சுவரின் அகலத்தைத் தாராளமாக 10 மீட்டர் என்று வைத்தாலும், நிலவின் தொலைவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர். இது ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நூலை 38 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். சுவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீண்டாலும் அகலம் தெரியாவிட்டால் கண்ணுக்குச் சிக்காது.

‘துருப்பிடித்தால் ஆணியின் நிறை குறையும்’ என்பதும் அப்படியே. துரு என்பது இரும்போடு ஆக்சிஜன் சேர்ந்தது. 224 கிராம் இரும்பு முழுவதும் இரும்பு ஆக்சைடானால் 320 கிராம் வரும், துருவில் சேரும் நீர் அதற்கும் மேல். துரு உதிர்ந்த பிறகு ஆணியை மட்டும் நிறுத்தால் குறைந்திருக்கும் என்பதையும் நிபந்தனையாகச் சேருங்கள். ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டிய இடம் இது.

7. இப்போது நூல்களைப் பார்த்தல்

இத்தனைக்கும் பிறகு மீந்திருக்கும் ஐயத்துக்கு மட்டும் மூலத்தைத் தேடுங்கள். எதைத் தேடுகிறோம் என்பது இப்போது ஒரே வரியில் தெரியும் என்பதால் பாதி நேரம் மிச்சமாகும்.

மூலத்தின் ஆண்டு முக்கியம். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று பல பத்தாண்டுகள் நூல்கள் எழுதின. 46 என்று 1956-இல் நிறுவப்பட்டது. மந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்பது 1962-இல் அவற்றுள் ஒன்றான செனானின் சேர்மம் உருவாக்கப்பட்டதோடு முடிந்தது. புளூட்டோ 2006-இல் குறுங்கோள் வகைக்கு மாறியது. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்பதற்கு 2023-இன் தொடக்கத்தில் வியாழன் என்பது விடை. அதே ஆண்டு மே மாதத்தில் சனி முந்திவிட்டது. 2025-இல் சனியின் நிலவுகள் 274 ஆயின. இத்தகைய கூற்றில் ‘2025 நிலவரப்படி’ என்று எழுதுங்கள், அல்லது அந்த வினாவையே விட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

பத்து இடங்களில் ஒரே வரி இருப்பதைப் பத்துச் சான்றுகளாகக் கொள்ள வேண்டாம். மனிதர் மூளையில் 10 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகிறார் என்ற வரி எண்ணற்ற இடங்களில் உள்ளது; மூளைப் படங்களோ நாம் உறங்கும்போதும் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஏதோ ஒரு நேரத்தில் செயல்படுவதைக் காட்டுகின்றன. சொற்கள் அச்சுப் பிசகாமல் ஒத்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்று எழுதப்பட்டது என்றே கொள்ளுங்கள்.

8. திருத்தத்தையும் சரிபார்த்தல்

தவறான நம்பிக்கையைத் திருத்தும் ஆர்வத்தில் எதிர்ப்பக்கம் போய் விழுவது அனுபவமுள்ளவர்கள் செய்யும் பிழை. விடைக்குறிப்பும் ஒரு கூற்றுதான் என்பதால் அதற்கும் 2 முதல் 7 வரையான படிகள் உண்டு.

பாம்பு மகுடி இசைக்கு ஆடுகிறது என்பதை மறுக்க, ‘பாம்புக்குக் காதே கிடையாது, எதுவும் கேட்காது’ என்று எழுதுவார்கள். பாம்புக்குப் புறச்செவியும் செவிப்பறையும் இல்லை என்பதே சரி. தாடை எலும்போடு இணைந்த உட்செவி அதற்கு உண்டு. தரையின் அதிர்வையும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகள் சிலவற்றையும் அது உணர்கிறது. மகுடியின் முன் அது அசைவது ஆட்டுபவரின் கை அசைவைத் தொடர்ந்துதான்.

‘கனமான பொருள் வேகமாக விழும்’ என்பதை ‘எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் விழும்’ என்று திருத்தினால், மாணவர் மாடியிலிருந்து இறகையும் கல்லையும் போட்டு உங்களைப் பொய்யாக்கிவிடுவார். ‘காற்றில்லாத இடத்தில்’ என்பது கட்டாயம் வேண்டும். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விடுவித்துக் காட்டியது அந்த நிபந்தனையில்தான். ‘விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை’ என்ற கூற்றுக்கும் பாதித் திருத்தம் போதாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கிற்குச் சற்றே குறைவு; நிலையமும் வீரர்களும் ஒன்றாகப் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதப்பது போல் இருக்கிறது.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது சரியான கூற்று. ஆனால் குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உப்புகள் கரைந்திருப்பதால் அவை கடத்தும். இந்த இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரியைச் சிறுவர்களுக்கு அச்சிட்டுத் தரவே கூடாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுபவருக்கு அது தவறான துணிவைத் தந்துவிடும்.

9. விடைக்குறிப்பும் ஒத்திகையும்

தவறான கூற்றுகளில் பிழை ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். விடைக்குறிப்பில் முதல் வரியாகச் சரியான செய்தியை எழுதி, பிறகு காரணத்தை எழுதுங்கள். தவறான வரியை முதலில் மீண்டும் அச்சிட்டால் பலருக்கு நினைவில் தங்குவது அதுவாகவே இருக்கிறது. ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் தவறான கூற்றுகளில் மட்டும் வந்தால், பாடம் தெரியாதவரும் அந்தச் சொல்லைப் பார்த்தே ‘தவறு’ என்று குறித்துவிடுவார். சரியான கூற்றுகள் சிலவற்றிலும் அவை வர வேண்டும். ‘0 எப்போதும் இரட்டை எண்ணே’ என்பது அதற்குக் கைவசம் உள்ள ஒன்று.

பிறகு, தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்த அந்த ஒருவரை அழையுங்கள். அவர் விடை குறிப்பதைவிட, ஒவ்வொரு கூற்றையும் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் எண்ணாத பொருளை அவர் சொன்னால், அவருக்கு விளக்கம் தராமல் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.